வீட்டுக் கணினிகளுக்கு இடையே கோப்புப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம் எனப் பல பகுதிகளில் வீடுகளுக்கும் சிறு கடைகளுக்கும் சென்று கணினிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். "ரெண்டு கம்ப்யூட்டரும் ஒண்ணை ஒண்ணு பார்க்க மாட்டேங்குது சார்" என்ற வாக்கியத்தை நான் கேட்காத வாரம் இல்லை. அப்போது நான் மூன்றை மட்டும், இதே வரிசையில் பார்ப்பேன். ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் பாதை இருக்கிறதா? பாதை இருந்தால் அங்கே வாசல் திறந்திருக்கிறதா? வாசல் திறந்திருந்தால், வந்து நிற்பவர் யார் என்று உள்ளே இருக்கும் கணினிக்குத் தெரிகிறதா? வரிசையை மாற்றி, கண்ணில் பட்ட அமைப்பையெல்லாம் திருகிப் பார்த்தவர்களின் வீட்டில்தான் அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகிறது. கீழே உள்ளவை என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்.

இரண்டு கணினிகளிலும் இணையம் நன்றாக வருகிறது. அப்படியிருந்தும் ஒன்றிலிருந்து மற்றொன்றை ஏன் எட்ட முடியவில்லை?

இரண்டிலும் இணையம் வருகிறது என்பதால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று ஆகிவிடாது. இதை உறுதிசெய்ய இரண்டு கணினிகளின் ஐபி முகவரிகளையும் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் தரப்படும் எண்) பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கில எழுத்தில் தட்டினால், ஐபிவி4 என்ற வரியில் அந்த எண் தெரியும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலும் ஒன்று 192.168.1.5 என்றும் மற்றொன்று 192.168.1.8 என்றும், முதல் மூன்று பகுதிகள் ஒன்றாகவும் கடைசிப் பகுதி மட்டும் வேறாகவும் இருக்க வேண்டும். ஒன்று 192.168.1.5 ஆகவும் மற்றொன்று 192.168.0.8 ஆகவும் இருந்தால், உங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் தனித்தனியே முகவரி வழங்கிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

தோட்டப்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் நான் கண்டது இதுதான். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டி கீழே படிக்கட்டின் ஓரம் ஆணியில் தொங்கியது. மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று மகன் வேறொரு ரவுட்டரை வாங்கி, கீழிருந்து வந்த கேபிளை அதன் வான் துளையில் (இணையம் உள்ளே வரும் துளை) செருகியிருந்தார். மாடியில் இணையம் வந்தது. ஆனால் மாடிக்கென்று தனி நெட்வொர்க் உருவாகிவிட்டது. கீழே அப்பாவின் கணினியில் இருந்த குடும்பப் புகைப்படங்களை மகன் மாடியிலிருந்து ஒருவாறு எட்ட முடிந்தாலும், மகனின் மடிக்கணினியை அப்பாவால் எட்டவே முடியவில்லை. இரண்டாவது ரவுட்டர் வெளியிலிருந்து வருபவரை உள்ளே விடாது என்பதே காரணம். மாடி ரவுட்டரின் அமைப்பில் தானே முகவரி வழங்காமல் வைஃபையை மட்டும் நீட்டும் ஆக்சஸ் பாயிண்ட் என்ற முறையைத் தேர்ந்தெடுத்தபின் எல்லாக் கணினிகளும் ஒரே வரிசையில் முகவரி பெற்றன. அந்த வசதி இல்லாத ரவுட்டரானால், அதன் நிர்வாக முகவரியைக் கீழ் ரவுட்டரோடு மோதாதபடி மாற்றி, முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து வீட்டுக் கணினிகளுக்கான லான் துளைகளில் ஒன்றில் செருகினால் போதும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணினிக்கு ரவுட்டர் முகவரியே தரவில்லை. கேபிளையோ வைஃபையையோ முதலில் கவனியுங்கள். விருந்தினருக்கான கெஸ்ட் வைஃபையில் இணைந்திருந்தாலும் பகிர்வு நடக்காது. அதில் இணைந்த கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளைப் பார்க்கக்கூடாது என்பதற்காகவே அது ஏற்படுத்தப்பட்டது. ஒரு கணினி கேபிளிலும் மற்றொன்று வைஃபையிலும் இருப்பது மட்டும் தவறில்லை.

முகவரியைத் தட்டினால் கோப்புறை திறக்கிறது. ஆனால் நெட்வொர்க் பட்டியலில் அந்தக் கணினியின் பெயர் தோன்றுவதில்லை. இது பழுதா?

பகிர்வு வேலை செய்கிறது; பட்டியல் மட்டும் வேலை செய்யவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பது தெரியாமல் பலர் பகிர்வையே கலைத்து மீண்டும் அமைக்கிறார்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.8 என்பதுபோல் இரண்டு பின்சாய்கோடுகளுடன் முகவரியைத் தட்டித் திறந்தால், பாதையும் வாசலும் சரியாக உள்ளன. பட்டியலில் பெயர் தோன்ற வேண்டுமானால், பகிரும் கணினியில் சர்வீசஸ் பகுதியைத் திறந்து, ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன் என்ற சேவையை ஆட்டோமேட்டிக் என்று மாற்றித் தொடங்குங்கள். கணினியின் பெயரை 15 எழுத்துகளுக்குள், இடைவெளி இல்லாமல், ஆங்கில எழுத்தில் வைப்பதும் நல்லது. பழைய பெயர் முறையில் அதற்கு மேல் இடமில்லை.

ரவுட்டரை மாற்றிய நாளிலிருந்து பகிர்வு நின்றுவிட்டது. கணினியில் எதையும் நான் தொடவில்லையே?

நீங்கள் தொடவில்லை, விண்டோஸ் தானாக மாற்றிக்கொண்டது. ரவுட்டர் மாறினால் விண்டோஸுக்கு அது புதிய நெட்வொர்க். புதிய நெட்வொர்க் எதுவானாலும் அதைப் பேருந்து நிலையத்து வைஃபையைப் போலப் பொது இடம் என்று கருதி, பப்ளிக் என்ற முத்திரையைக் குத்திவிடும். அந்த நிலையில் பக்கத்துக் கணினிகள் தட்டும் எந்தக் கதவும் திறக்காது. செட்டிங்ஸில் நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குப் போய், தற்போதைய இணைப்பைத் திறந்து, அதைப் பிரைவேட் என்று மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் 11-இல் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ் பக்கத்தில் பிரைவேட் நெட்வொர்க்குக்கு உரிய நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆகிய இரண்டும் இயக்கத்தில் உள்ளனவா என்று பாருங்கள். இதை இரண்டு கணினிகளிலும் செய்ய வேண்டும்.

ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) அணைத்தால் உடனே வேலை செய்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

வேண்டாம். அணைத்தால் வேலை செய்கிறது என்பது பயனுள்ள தகவல்தான்: பாதை சரியாக உள்ளது, வாசல்தான் அடைபட்டிருக்கிறது என்று அது சொல்கிறது. அதைத் தெரிந்துகொண்டதும் ஃபயர்வாலை மீண்டும் இயக்கிவிட்டு, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற விதிக்கு மட்டும், பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இந்தப் பகிர்வு நடப்பது டிசிபி 445 என்ற ஒரே போர்ட் (எண்ணிட்ட வாசல்) வழியாகத்தான். அதைத் திறக்க வீட்டுச் சுவரையே இடிக்கத் தேவையில்லை. தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கும். விண்டோஸில் எல்லாம் சரியாக இருந்தும் திறக்காத வீடுகளில் அங்கேதான் தடை இருக்கும். அதிலும் வீட்டு நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறிக்கும் இடம் உண்டு.

இதைவிட ஆபத்தான யோசனை ஒன்றைச் சிலர் சொல்லித் தருகிறார்கள்: வெளியூரிலிருந்தும் கோப்புகளை எடுக்க ரவுட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடுவது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை, இந்தப் பகிர்வு முறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கணினிக்குக் கணினி தாவியது.

பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. தினமும் கணினியைத் திறக்கும் எண்ணைக் கொடுத்தாலும் ஏற்க மறுக்கிறது. என்ன கொடுக்க வேண்டும்?

வேலூர் வீடுகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தக் கேள்விக்குத்தான். அது கேட்பது நீங்கள் உட்கார்ந்திருக்கும் கணினியின் பாஸ்வேர்டை அல்ல. கோப்புகள் இருக்கும் கணினியில் உள்ள ஒரு பயனரின் பெயரையும் பாஸ்வேர்டையும். மேலும், தினமும் தட்டும் நான்கு அல்லது ஆறு இலக்கப் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. நெட்வொர்க் வழியாக வருபவரிடம் அது செல்லாது. விரல்ரேகையும் முக அடையாளமும் அப்படியே. பாஸ்வேர்டே வைக்காமல் கணினியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு தடை உண்டு: வெற்றுப் பாஸ்வேர்டு உள்ள பயனரை, கணினியின் முன்னால் உட்கார்ந்தால் ஒழிய, விண்டோஸ் உள்ளே விடாது.

மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்திருப்பவர்கள் முழு மின்னஞ்சல் முகவரியையும் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணினியில் பாஸ்வேர்டு ஒருமுறைகூடத் தட்டப்படாமல் பின் எண்ணாலேயே காலம் ஓடியிருந்தால் இதுவும் பலிக்காமல் போவது உண்டு. அதனால் நான் இப்போதெல்லாம் அந்த வழியில் மல்லுக்கட்டுவதில்லை. கோப்புகள் இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு உள்ளூர்ப் பயனரை உருவாக்குகிறேன்: செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ், அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்க்கும் வழி. சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரு பெயர், ஊகிக்க முடியாத ஒரு பாஸ்வேர்டு. அவரை நிர்வாகியாக ஆக்கத் தேவையில்லை. பிறகு கோப்புறைக்கு அவருக்கு அனுமதி கொடுத்து, மற்றக் கணினியில் பெயர் கேட்கும்போது, கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு, பயனரின் பெயர் என்று சேர்த்துத் தட்டினால் குழப்பம் இல்லை. வீட்டில் நால்வர் இருந்தாலும் இந்த ஒரு பயனர் போதும். நாளை பாஸ்வேர்டு வெளியே தெரிந்துவிட்டாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், யாருடைய மின்னஞ்சலுக்கும் ஆபத்து வராது.

பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்தும் வசதி அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, நான் அதை யார் வீட்டிலும் தொடுவதில்லை. வைஃபை பாஸ்வேர்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிற தெருக்களில் நாம் வாழ்கிறோம்.

பாஸ்வேர்டை மாற்றியபின் சரியானதைக் கொடுத்தும் ஏற்கவில்லை.

பழைய பாஸ்வேர்டை விண்டோஸ் நினைவில் வைத்திருந்து, உங்களைக் கேட்காமலே அதைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் என்ற பட்டியலில் அந்தக் கணினியின் பெயரிலோ முகவரியிலோ உள்ள பதிவை நீக்குங்கள். 1219 என்ற பிழை எண் வந்தால், அதே கணினிக்கு வேறொரு பெயரில் ஏற்கெனவே இணைப்பு திறந்திருக்கிறது. ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வந்தால் தீரும்.

கோப்புறை திறக்கிறது, படிக்க முடிகிறது; ஆனால் எதையும் சேமிக்க முடியவில்லை. சில கோப்புகள் மட்டும் திறப்பதே இல்லை.

ஒரு கோப்புறைக்கு இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று ஷேரிங் என்ற தாவலில் கொடுக்கும் பகிர்வு அனுமதி. மற்றொன்று செக்யூரிட்டி என்ற தாவலில் உள்ள வட்டின் அனுமதி. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். பகிர்வில் முழு அனுமதி கொடுத்துவிட்டுச் செக்யூரிட்டியில் பெயரே சேர்க்காமல் விடுவதுதான் வழக்கமான தவறு. சில கோப்புகள் மட்டும் திறக்காததற்குக் காரணம், அவை அதே டிரைவின் வேறொரு இடத்திலிருந்து நகர்த்தப்பட்டிருப்பதுதான். ஒரே டிரைவுக்குள் நகர்த்தப்பட்ட கோப்பு தன் பழைய அனுமதியையும் உடன் சுமந்து வரும். நகலெடுத்து ஒட்டிய கோப்பு புதிய கோப்புறையின் அனுமதியைப் பெறும்.

படித்தால் போதும் என்பவர்களுக்கு எழுதும் அனுமதி கொடுக்காதீர்கள். ஒரு கணினியில் நுழைந்த பூட்டு வைரஸ், அந்தக் கணினியால் எழுத முடிகிற நெட்வொர்க் கோப்புறைகளையும் சேர்த்தே பூட்டும். கல்யாண ஆல்பம் இருக்கும் கோப்புறையில் எழுத வேண்டியவர் வீட்டில் ஒருவர்தான்.

ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கடைக் கணக்கு திறப்பதில்லை. காரணம் என்ன?

குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தில், முன்னறைக் கணினியில் இருந்த கணக்கை அண்ணன் தம்பி இருவரும் உள்ளறைக் கணினிகளிலிருந்து பார்த்துவந்தார்கள். கணினிகளுக்கு யூபிஎஸ் இருந்தது, ரவுட்டருக்கு இல்லை. மின்சாரம் போய் வந்து ரவுட்டர் விழித்தெழும்போது, யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்கு முகவரியைக் கொடுக்கும். நேற்று 192.168.1.4 ஆக இருந்த முன்னறைக் கணினி இன்று 192.168.1.7 ஆகிவிட்டால், பழைய எண்ணை நம்பி அமைத்த இணைப்பு 80070035 என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நிற்கும். நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள்.

தீர்வு மூன்று பகுதிகள் கொண்டது. ரவுட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கணினிக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வையுங்கள், அல்லது இன்வெர்ட்டர் இணைப்பில் சேருங்கள். கோப்புகள் இருக்கும் கணினி தூங்கிவிடாதபடி பவர் அமைப்பில் ஸ்லீப்பை நெவர் என்று மாற்றுங்கள். அது மடிக்கணினியானால் மூடியை மூடினாலும் விழித்திருக்கும்படி அமைக்க வேண்டும். டிரைவ்போல இணைத்து வைத்த (மேப் செய்த) கோப்புறையின்மேல் காலையில் சிவப்புக் குறி தெரிந்தால் பதறாதீர்கள்; முன்னறைக் கணினி முழுவதும் எழுந்தபின் அதை இருமுறை சொடுக்கினால் இணைந்துகொள்ளும்.

விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பின், ரவுட்டரில் செருகிய யூஎஸ்பி வட்டு திறக்கவில்லை. பழைய எக்ஸ்பி கணினியும் தெரியவில்லை.

இவை இரண்டு வேறு காரணங்கள். 2024-இல் வந்த 24ஹெச்2 என்ற பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11 ப்ரோ இரண்டு விஷயங்களில் கண்டிப்பாகிவிட்டது: பகிர்வுத் தகவல் ஒவ்வொன்றிலும் மின்னணுக் கையொப்பம் கேட்கிறது, பெயர் சொல்லாமல் விருந்தினராக நுழைவதை ஏற்பதில்லை. ரவுட்டரின் யூஎஸ்பி பகிர்வும் பழைய சேமிப்புப் பெட்டிகளும் பெரும்பாலும் விருந்தினர் முறையையே நம்பியிருந்தவை. அவற்றின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பயனரையும் பாஸ்வேர்டையும் ஏற்படுத்தி, கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். அதன் பிறகும் திறக்கவில்லை என்றால், விண்டோஸின் காவலைத் தளர்த்துவதைவிட அந்த வட்டை எடுத்து ஒரு கணினியில் செருகி அங்கிருந்து பகிர்வதே என் பரிந்துரை.

எக்ஸ்பி பேசுவது எஸ்எம்பி என்ற இந்தப் பகிர்வு முறையின் முதல் பதிப்பை மட்டுமே. வானாக்ரை பரவிய அதே 2017-இன் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. அதை மீண்டும் இயக்க வழி உண்டு. நான் இயக்கித் தரமாட்டேன். எக்ஸ்பி கணினியில் உள்ளதை ஒருமுறை பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 7 அப்படியல்ல. அது இரண்டாம் பதிப்பைப் பேசும் என்பதால் விண்டோஸ் 11 உடன் பகிரும்.

ஹோம்குரூப் எங்கே போனது?

வீட்டுக் கணினிகள் எளிதாகப் பகிர விண்டோஸில் இருந்த அந்த வசதி, 2018-இல் விண்டோஸ் 10-இலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. தேட வேண்டாம், மேலே சொன்ன முறையே இப்போதுள்ள வழி.

பகிர்வு நடக்கிறது; ஆனால் ஒரு திரைப்பட அளவுள்ள கோப்பை நகலெடுக்க ஆமை வேகம். என்ன செய்வது?

நகலெடுக்கும் பெட்டியில் தெரியும் வேகத்தைப் படியுங்கள். கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவில் வந்தால் ஜிகாபிட் இணைப்பு முழுமையாக வேலை செய்கிறது. 11 எம்பி அளவிலேயே ஆணி அடித்தாற்போல் நின்றால், இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது. ரவுட்டரின் துளையோ கணினியின் துளையோ அந்த அளவுதான், இல்லையேல் கேபிளில் பழுது. சத்துவாச்சாரியில் ஒரு வீட்டில் கேபிள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேலாகப் போயிருந்தது. சித்திரை வெயிலில் அதன் தோல் வெடித்து, அந்த இடத்தில் அணில் கொறித்திருந்தது. உள்ளே எட்டுக் கம்பிகளில் நீலமும் பழுப்பும் அறுந்து, ஆரஞ்சும் பச்சையும் மட்டும் முழுதாக இருந்தன. 100 மெகாபிட்டுக்கு அந்த இரண்டு இணைகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். இணையம் தடையில்லாமல் வந்துகொண்டிருந்ததால் ஓராண்டாக யாரும் கவனிக்கவில்லை. வெளியே போகும் கேபிளைப் பைப்புக்குள் விட்டு இழுங்கள்.

வைஃபையில் வேகம் ஏறி இறங்குவது இயல்பு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் பழைய வீடுகளின் தடித்த சுவர்களைத் தாண்டும்போது சோர்ந்துவிடும்; பெரிய கோப்புகளுக்குக் கேபிளே சிறந்தது. நான்கு ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு மட்டும் நகலாக மறுத்தால், போய்ச் சேரும் வட்டு அந்த அளவுக்கு மேல் ஏற்காத ஃபேட்32 முறையில் அமைக்கப்பட்டிருக்கிறது; அது நெட்வொர்க் பழுது அல்ல.

மேக், லினக்ஸ், கைபேசி ஆகியவற்றுடன் பகிர முடியுமா?

முடியும்; எல்லாம் அதே எஸ்எம்பி முறைதான். மேக்கில் ஃபைல் ஷேரிங்கை இயக்குவது மட்டும் போதாது. அதன் ஆப்ஷன்ஸில் விண்டோஸ் ஃபைல் ஷேரிங் என்ற தலைப்பின்கீழ் உங்கள் பயனர் பெயருக்கு எதிரே குறியிட்டுப் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் பலர் விண்டோஸைக் குறை சொல்கிறார்கள். லினக்ஸில் இந்தப் பகிர்வைச் செய்யும் சாம்பா என்ற மென்பொருளுக்குத் தனிப் பாஸ்வேர்டுப் பட்டியல் உண்டு. கணினியில் நுழையும் பாஸ்வேர்டு தானாக அதில் சேராது. ஐஃபோனில் 2019-இல் வந்த ஐஓஎஸ் 13 முதல் ஃபைல்ஸ் செயலியிலேயே சர்வரோடு இணையும் வசதி உள்ளது.

கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம்; நானும் வைக்கிறேன். யூனிகோடு தமிழ்ப் பெயர்கள் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் சிதையாமல் போய்வரும். ஒரே ஒரு வரம்பு உண்டு. லினக்ஸ் வட்டுகளில் கோப்பின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் மெய்யுருவுக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனியே மூன்று பைட். 'கோ' என்ற ஒரே எழுத்து ஆறு பைட் பிடிக்கும். எனவே "அம்மாவின் அறுபதாம் கல்யாணம் திருவண்ணாமலை" என்று தொடங்கி நீண்டுகொண்டே போகும் பெயர், விண்டோஸில் பிழையின்றி இருந்துவிட்டு, லினக்ஸில் அமைந்த சேமிப்புப் பெட்டிக்கு நகலெடுக்கும்போது மட்டும் மறுக்கப்படும். பெயரைச் சுருக்கினால் போய்விடும். பகிரும் கோப்புறையின் பெயர், பயனர் பெயர், கணினியின் பெயர் ஆகியவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில் வைப்பது பழைய கருவிகளோடு பழகும்போது உதவும்.

எல்லாம் செய்தும் பலனில்லை. யாரையாவது அழைப்பதற்கு முன் எதைக் குறித்து வைக்க வேண்டும்?

ஒரு தாளில் இரண்டு கணினிகளின் முகவரிகளையும் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் என்ன விண்டோஸ், எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். பிழைச் செய்தியை உங்கள் சொற்களில் சொல்லாமல் கைபேசியில் படமெடுத்து வையுங்கள். கடைசியில் வரும் எண்தான் முக்கியம். கடைசியாகப் பகிர்வு வேலை செய்த நாள் எது, அதற்குப் பின் என்ன மாறியது (ரவுட்டரா, பாஸ்வேர்டா, புதுப்பிப்பா, புதிய ஆன்டிவைரஸா) என்பதை வீட்டில் உள்ள எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். தோட்டப்பாளையத்து வீட்டில் மாடி ரவுட்டரைப் பற்றி அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. மகன் கல்லூரியிலிருந்து திரும்பிய பிறகுதான் எங்களுக்கு விவரம் கிடைத்தது.